ஏ.எம்.சி.யில் 'சிறு பழுது' என்றால் எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் ஆண்டு பெரும்பாலும் கவலை இல்லாமல் ஓடிவிடும். வாரண்டி இருக்கிறது, எது கெட்டுப் போனாலும் போன் செய்தால் ஆள் வருவார். ஆண்டு முடியும் நேரத்தில் கடையில் இருந்து ஓர் அழைப்பு வரும். "சார், வாரண்டி முடியப் போகுது. ஏ.எம்.சி. போட்டுக்குங்க" என்பார்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தான் எல்லாரும் ஏ.எம்.சி. என்று சுருக்கி அழைக்கிறோம். ஒரு பேப்பர் தருவார்கள். முன் பக்கத்தில் உங்கள் பெயர், கம்ப்யூட்டரின் சீரியல் எண், கட்ட வேண்டிய தொகை. பின் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். முன் பக்கத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். பழுது வரும் போது பேசுவது எல்லாம் பின் பக்கம் தான்.

அந்தப் பின் பக்கத்தில் நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கின்றன. ஒன்று மேஜர் பால்ட். இன்னொன்று மைனர் பால்ட். பெரும் பழுது என்றால் 24 மணி நேரத்தில் ஆள் வருவார். சிறு பழுது என்றால் ஐந்து அல்லது ஏழு வேலை நாட்களில் வருவார் என்று எழுதி இருப்பார்கள். எது பெரும் பழுது, எது சிறு பழுது? இதை மட்டும் எழுதி இருக்க மாட்டார்கள். அல்லது "நிறுவனத்தின் முடிவே இறுதியானது" என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் நீங்கள் பணம் கட்டி வாங்கிய சேவை எவ்வளவு என்பதைப் பழுது வந்த பிறகு எதிர்த் தரப்பு தீர்மானிக்கும் என்று பொருள்.

பழுதின் அளவைக் கெட்டுப் போன பாகத்தின் விலையை வைத்தோ, அதை மாற்ற ஆகும் நேரத்தை வைத்தோ அளக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பழுதால் உங்களுடைய எந்த வேலை நிற்கிறது, எந்த டேட்டா ஆபத்தில் இருக்கிறது என்பதை வைத்து அளக்க வேண்டும். அந்த அளவுகோலை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக் கொள்ள முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழுதைப் பெரிது, சிறிது என்று பிரிப்பதே ஏமாற்று வேலை இல்லை. ஒரு சர்வீஸ் என்ஜினியர் டூ வீலரில் ஊரைச் சுற்றி ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போகிறார். எல்லாப் புகாரும் அவசரம் என்றால் நிஜமாகவே கம்ப்யூட்டர் எரிந்து போனவர் வரிசையில் பின்னால் நிற்க வேண்டி வரும். எனவே பிரிவு தேவை. பிரிக்கும் கோடு எங்கே என்பது தான் கேள்வி.

<b>இரு வகை ஒப்பந்தம்</b>

ஏ.எம்.சி.யில் இரண்டு வகை உண்டு. காம்ப்ரிஹென்சிவ் என்பதில் பாகங்களின் விலையும் அடக்கம். நான் காம்ப்ரிஹென்சிவ் என்பதில் வந்து பார்ப்பதற்கும் வேலை செய்வதற்கும் மட்டும் தான் பணம். பாகத்தை நீங்கள் வாங்கித் தர வேண்டும். இரண்டிலும் பேட்டரி, பிரிண்டர் டோனர், மவுஸ் போன்றவற்றைத் தேய்மானப் பொருட்கள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். வைரஸ், விண்டோஸ் மறுபடி பதிவது, கீழே விழுந்து உடைவது, மின்சாரக் கோளாறு ஆகியவையும் பெரும்பாலும் வெளியே. கடையில் விற்கும் கூடுதல் வாரண்டி என்பது வேறு. அதை வேறொரு நிறுவனம் தருவதாகக் கூட இருக்கும். இதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

<b>மானிட்டர்காரர்கள் எண்ணிக் காட்டிய வழி</b>

சிறு பழுதை எண்களில் வரையறுக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு மானிட்டரே சாட்சி.

எல்.சி.டி. திரை என்பது லட்சக் கணக்கான புள்ளிகளால் ஆனது. இவற்றைத் தான் பிக்ஸெல் என்கிறோம். 1920 x 1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்ஸெல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிக்ஸெல்லுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளிகள். மொத்தம் 62 லட்சத்துக்கு மேல். இவற்றில் ஒன்று எப்போதும் எரிந்து கொண்டோ, எப்போதும் இருண்டோ நின்றுவிடலாம். டெட் பிக்ஸெல் என்று சொல்வது இதைத் தான். ஒரு புள்ளிக்காகத் திரையையே மாற்ற வேண்டும் என்றால் தயாரிப்பாளருக்கு இழப்பு. ஒன்றுமே கண்டுகொள்ள மாட்டோம் என்றால் வாங்குபவருக்கு அநியாயம்.

இதற்குச் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2001-ல் 13406-2 என்ற தர விதியில் கோடு போட்டது. திரைகளை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் வகையில் ஒரு புள்ளி கூடக் கெட்டிருக்கக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் பின்பற்றியது இரண்டாம் வகை. அதில் பத்து லட்சம் பிக்ஸெல்லுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் இருண்ட புள்ளி 2, துணைப் புள்ளிக் குறை 5 வரை இருக்கலாம். கெட்ட புள்ளிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. நமது 1920 x 1080 திரைக்குக் கணக்குப் போட்டால் எரியும் புள்ளி 4, இருண்ட புள்ளி 4, துணைப் புள்ளி 10 வரை "இது பழுதே இல்லை" என்று சொல்லலாம். 2008-ல் இந்த விதியின் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9241 வரிசையின் 300-களில் உள்ள விதிகள் வந்தன. எண்ணி அளக்கும் முறை அப்படியே தொடர்ந்தது. பின்னர் போட்டி அதிகமானதும், டெல் போன்ற நிறுவனங்கள் தங்களது சில மானிட்டர்களுக்கு ஒரே ஓர் எரியும் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாக அறிவித்தன.

இந்த எண்கள் நமக்குத் தாராளமாகத் தெரியலாம். புதுத் திரையின் நடுவில் பச்சைப் புள்ளி ஒன்று முறைத்துப் பார்த்தால் எனக்கும் கோபம் தான் வரும். ஆனால் இதில் மூன்று நல்ல விஷயங்கள் இருக்கின்றன. எதை எண்ண வேண்டும் என்று எழுதி இருக்கிறது. எத்தனை வரை பொறுக்கலாம் என்று எழுதி இருக்கிறது. எரியும் புள்ளி கண்ணை உறுத்தும், துணைப் புள்ளி அவ்வளவு உறுத்தாது என்று, பார்ப்பவருக்கு ஏற்படும் தொல்லையை வைத்துத் தனித்தனி எண் கொடுத்திருக்கிறது. சர்வீஸ் என்ஜினியர் யாராக இருந்தாலும் விடை ஒன்று தான் வரும். உங்கள் ஏ.எம்.சி. பேப்பரில் சிறு பழுது என்ற சொல்லுக்கு அருகே இப்படி ஓர் எண்ணாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

<b>சாப்ட்வேர் துறையில் எப்படி?</b>

நான் வேலை பார்க்கும் சாப்ட்வேர் துறையில் இந்தச் சண்டை தினசரி நடக்கும். டெஸ்டிங் செய்பவர் "பெரிய பிழை" என்பார். புரோகிராம் எழுதியவர் "சின்ன விஷயம்" என்பார். எனவே பிழைகளைப் பதிந்து வைக்கும் சாப்ட்வேர்களில் ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் எழுதி வைத்தார்கள். மொஸில்லா 1998-ல் வெளியிட்ட பக்ஸில்லா இவற்றில் புகழ் பெற்றது. அதில் வழக்கத்தில் இருந்த விளக்கப்படி, புரோகிராம் முடங்கிப் போனாலோ டேட்டா அழிந்தாலோ அது மிகக் கடுமையான பிழை. வசதி சற்றுக் குறைந்து, சுலபமான மாற்று வழி கையில் இருந்தால் அது சிறு பிழை. எழுத்துப் பிழை, கோணலாக நிற்கும் வரி போன்றவை அற்பப் பிழை.

சிறு பிழை என்பதற்கு "சுலபமான மாற்று வழி இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வைத்ததைக் கவனியுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதுவே நல்ல சோதனை. நான்கு யு.எஸ்.பி. போர்ட்டில் ஒன்று வேலை செய்யவில்லையா? அடுத்த போர்ட்டில் செருகலாம், சிறு பழுது. இரண்டே போர்ட் உள்ள லேப்டாப்பில் ஒன்று போய், மற்றொன்றில் சார்ஜர் மாட்டி இருக்கிறதா? அதே பழுது சிறியது இல்லை. லேப்டாப் கீ போர்டில் ஒரு எழுத்து விழவில்லை. வெளியே ஒரு யு.எஸ்.பி. கீ போர்ட் மாட்டி வேலையைத் தொடரலாம் என்றால் சிறு பழுது. ஆனால் அந்தக் கீ போர்டை நிறுவனம் தற்காலிகமாகக் கொடுக்க வேண்டும். நீங்களே கடையில் வாங்கி வந்து மாட்டிக் கொண்டால் அது அவர்கள் தந்த மாற்று வழி ஆகாது.

இன்னொரு குழப்பம். பழுது எவ்வளவு கடுமையானது என்பது ஒன்று. அதை எவ்வளவு சீக்கிரம் சரி செய்திட வேண்டும் என்பது வேறு. எங்கள் துறையில் இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் குறிப்போம். பிரிண்டர் ஓடவில்லை என்பது சாதாரண நாளில் நடுத்தரப் பழுது. நாளை காலை ஹால் டிக்கெட் அச்சிட வேண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் அவசரம். ஏ.எம்.சி. பேப்பர்களில் இந்த இரண்டும் ஒரே சொல்லில் அடைபட்டுக் கிடக்கின்றன.

<b>பத்து ரூபாய் பாகமும் பெரும் பழுதும்</b>

பாகத்தின் விலையை வைத்து அளக்கக் கூடாது என்று சொன்னேன். மதர்போர்டில் இருக்கும் சிறிய நாணய வடிவ பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் இது சி.ஆர். 2032 வகை; 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையில் கூடக் கிடைக்கும். மின்சாரம் இல்லாத போதும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட வைப்பது இது தான். இது தீர்ந்து போனால் ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் போடும் போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும்.

"தேதி தப்பாகக் காட்டுகிறது" என்று போனில் சொன்னால் யாரும் சிறு பழுது என்று தான் எழுதுவார்கள். ஆனால் பேங்க் இணைய தளத்தைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள தேதியோடு அதை ஒப்பிடும். தேதி பொருந்தாவிட்டால் பிரவுசர் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடும். பேங்க், ஈ-மெயில், ரயில் டிக்கெட் எல்லாம் நிற்கும். விண்டோஸ் இணையத்தில் இருந்து நேரத்தைத் தானாகச் சரி செய்திட முயற்சிக்கும் என்றாலும், தேதி அதிகம் பின்னால் போய் இருந்தால் பல நேரங்களில் முடிவதில்லை.

இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு. லேப்டாப்பின் மேல் மூடியில் ஒரு கீறல் விரிசல். மாற்றினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் வேலை எதுவும் நிற்கவில்லை. இது சிறு பழுது தான். பத்து நாள் காத்திருக்கலாம்.

<b>"கொஞ்சம் ஸ்லோ, அவ்வளவு தான் மேடம்"</b>

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். பல ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்கள், மாணவர் மதிப்பெண்கள் எல்லாம் டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு நாள் பைல் திறக்கும் போது கம்ப்யூட்டர் சில விநாடிகள் உறைந்து நின்றது. பிறகு தானாகச் சரியானது. இரண்டு நாளில் இது அடிக்கடி நடந்தது. ஏ.எம்.சி. நிறுவனத்துக்குப் போன் செய்தார். வழியில் வேறு வேலையாக வந்த டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் வருகிறது. "கொஞ்சம் ஸ்லோ, அவ்வளவு தான் மேடம். அடுத்த வாரம் வந்து கிளீன் பண்ணித் தர்றேன்" என்று சொல்லி, சீட்டில் சிறு பழுது என்று குறித்தார். "சரி தம்பி" என்று இவரும் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் ஹார்ட் டிஸ்க் சுத்தமாக நின்றுவிட்டது.

நிறுவனம் புது டிஸ்க் போட்டுத் தந்தது. டேட்டாவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற வரியையும் காட்டியது. ஒப்பந்தப்படி அவர்கள் எதையும் மீறவில்லை. சிறு பழுதுக்கு ஏழு வேலை நாட்கள். நான்காம் நாளே டிஸ்க் போய்விட்டது. எனக்கு இந்த விவகாரத்தில் உறுத்துவது இது தான்.

டிஸ்க் இப்படி உறைந்து நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, சில இடங்களைப் படிக்க முடியாமல் அது திரும்பத் திரும்ப முயற்சிப்பது. 2007-ல் கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஸ்க்கின் பரப்பைச் சோதிக்கும் போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கை விட, அடுத்த 60 நாளில் செத்துப் போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஒரே ஒரு பிழை! இன்றைக்குப் பார்த்தால் அந்த டிஸ்க் வேலை செய்கிறது. இன்றைய நிலையை மட்டும் பார்ப்பவர் சிறு பழுது என்று தான் எழுதுவார்.

அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல் நிலையைத் தானே பதிந்து வைக்கும் வசதி. கெட்டுப் போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூடக் காட்டவில்லை. எனவே "ஸ்மார்ட் குட் என்று காட்டுகிறது, பயப்படாதீங்க" என்று டெக்னீஷியன் சொன்னால் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராவிட்டால் நிம்மதி அடைய முடியாது. கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சாப்ட்வேரில் இந்த நிலையைப் பார்க்கலாம். இன்று பெரும்பாலான லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி. தான் வருகிறது. அது ஹார்ட் டிஸ்க் போல முனகிக் காட்டாமல் திடீர் என்று நின்றுவிடவும் கூடும். ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் பேக்கப் உங்கள் வேலை. பெரும்பாலான ஏ.எம்.சி.க்கள் உங்கள் பைல்களைத் திருப்பித் தருவதாகச் சொல்வதில்லை.

<b>எப்போதும் சிறு பழுது ஆகாதவை</b>

உயிருக்கும் டேட்டாவுக்கும் ஆபத்தானவற்றை எந்தக் காரணத்துக்காகவும் சிறு பழுது பட்டியலில் சேர்க்க விடாதீர்கள். லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கிக் கொண்டு, கிளிக் ஆக மறுக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? டச்பேட் லூஸ் என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடியில் பேட்டரி வீங்கி இருக்கலாம். வீங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமல் தனியாக வைத்துவிட்டுப் போன் செய்திடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பவர் சப்ளை கெட்டிருக்கலாம். வீட்டு வயரிங் எங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் சொல்வது நியாயம் தான். ஆனால் எது காரணம் என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. சத்தம் போடும் விசிறியும் இப்படித் தான். விலை குறைந்த பாகம். நின்றுவிட்டால் சூடு ஏறி, கம்ப்யூட்டர் வேலையின் நடுவே அணைந்துவிடும்.

லேப்டாப் பேட்டரி தனிக் கதை. தேய்மானப் பொருள் என்று ஒதுக்கி வைத்தாலும், எவ்வளவு தேய்ந்தால் பழுது என்று கேட்கலாம். ஆப்பிள் தனது ஆப்பிள்கேர் பிளஸ் திட்டத்தில், பேட்டரி அதன் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவதாக எண் சொல்கிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்களும் அளந்து பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டி சி, எப், ஜி ஆகிய மூன்று எழுத்துக்களை டைப் செய்திடவும். ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக் கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக டைப் செய்து என்டர் தட்டவும். அறிக்கை எந்த போல்டரில் பதிவாகி உள்ளது என்று அங்கேயே காட்டும். அதில் தயாரிப்பின் போது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் ஏறும் அளவும் இருக்கும். முதல் எண் 50,000, இரண்டாவது 38,000 என்றால் 76 சதவீதம் மிச்சம்.

<b>வந்து வந்து போகும் பழுது</b>

டெக்னீஷியன் வரும் போது ஒழுங்காக நடந்து, அவர் தெரு முனை தாண்டியதும் மீண்டும் தலைகாட்டும் பழுதைச் சந்திக்காதவர் யாரும் இருக்க முடியாது. சீட்டில் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிப் போவார். நான்கு முறை வந்தாலும் ஒவ்வொரு முறையும் தனித்தனிச் சிறு பழுதாகவே கணக்கில் ஏறும்.

இதற்கு எண்ணிக்கை வைப்பது தான் வழி. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் சட்டம் பழுதைப் பெரிது, சிறிது என்றே பிரிக்கிறது. சிறு பழுது என்றால் எப்படிச் சரி செய்வது என்பதை விற்றவர் தேர்வு செய்யலாம். பெரும் பழுது என்றால் பணமா, மாற்றுப் பொருளா என்பதை வாங்கியவர் தேர்வு செய்வார். இந்தப் பழுது இருப்பது முன்பே தெரிந்திருந்தால் சாதாரண வாடிக்கையாளர் ஒருவர் இந்தப் பொருளை வாங்கி இருப்பாரா என்பது அங்கே ஒரு முக்கிய அளவுகோல். 2020-ல் செய்த திருத்தத்தின் மூலம், பல சிறு பழுதுகள் சேர்ந்து ஒரு பெரும் பழுதாகக் கருதப்படவும் வழி செய்தார்கள். அந்தச் சட்டம் நமக்குச் செல்லாது. ஆனால் அந்த யோசனையை நம் ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை.

வந்து போகும் பழுதை நிரூபிக்க உங்களிடமே கருவிகள் இருக்கின்றன. உறைந்த திரையை செல்போனில் வீடியோ எடுங்கள். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தேடினால், நம்பகத் தன்மை வரலாறு என்ற பொருளில் ஒரு பிரிவு கிடைக்கும். கம்ப்யூட்டர் எந்த நாளில் முடங்கியது, எந்த புரோகிராம் நின்றது என்று நாள் வாரியாகச் சிவப்புக் குறியிட்டுக் காட்டும். அதை அப்படியே படம் பிடித்து வைத்துக் கொள்ளலாம்.

<b>என்ன எழுதிக் கேட்பது?</b>

உள்ளூர் கடைக்காரரோ சிறிய சர்வீஸ் நிறுவனமோ தரும் பேப்பரில் கையால் ஒரு பத்தி சேர்த்து இருவரும் கையெழுத்திட்டால் அதுவும் ஒப்பந்தத்தின் பகுதி தான். உறவினர்கள் கேட்டால் நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கம்ப்யூட்டரின் வழக்கமான வேலை எதுவும் நிற்காமலும், டேட்டாவுக்கோ பயன்படுத்துபவருக்கோ ஆபத்து இல்லாமலும், மாற்று வழி ஒன்று கையில் இருக்கும் நிலையில் உள்ள பழுது மட்டுமே சிறு பழுது. மாற்று வழிக்கான பொருளை நிறுவனம் தரும். சிறு பழுது, புகார் தந்த நாளில் இருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சரி செய்து முடிக்கப்படும். ஒரே பழுது 90 நாட்களில் மூன்றாம் முறை வந்தால் அது பெரும் பழுது. டிஸ்க், பவர் சப்ளை, பேட்டரி வீக்கம் தொடர்பான எல்லாமே பெரும் பழுது. வகை பற்றிக் கருத்து வேறுபாடு வந்தால், சரி பார்க்கும் வரை பெரும் பழுதாகவே கொள்ளப்படும்."

இதில் "சரி செய்து முடிக்கப்படும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். பல பேப்பர்களில் ரெஸ்பான்ஸ் டைம் என்று மட்டும் இருக்கும். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனாலே அந்த வாக்குறுதி நிறைவேறிவிடும். வழக்கமான வேலை எது என்பதையும் ஒரு வரியில் எழுதலாம். ஆன்லைன் வகுப்பு, பேங்க், பிரிண்ட் என்று மூன்று சொற்கள் போதும். கேமரா வேலை செய்யாதது ஒருவருக்கு ஒன்றும் இல்லை. ஆன்லைன் வகுப்பு நடத்துபவருக்குப் பிழைப்பே நின்றுவிடும்.

பெரிய நிறுவனங்களின் அச்சிட்ட ஒப்பந்தத்தில் ஒரு கமா கூட மாற்ற மாட்டார்கள். அங்கே இரண்டு, மூன்று நிறுவனங்களின் நிபந்தனைகளை வாங்கி, மேலே சொன்ன பத்தியோடு ஒப்பிட்டு, எது அருகில் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். சந்தேகம் உள்ளவற்றை ஈ-மெயிலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் சொன்ன பதில் பின்னால் உதவாது.

பழுது வந்ததும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். டெக்னீஷியன் நீட்டும் சர்வீஸ் சீட்டில் அவர் என்ன எழுதி இருக்கிறார் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். "ஸ்லோ" என்று எழுதி இருந்தால், "பைல் திறக்கும் போது டிஸ்க் உறைகிறது, தினம் ஐந்து முறை" என்று உங்கள் கையால் தமிழிலேயே சேர்க்கலாம். தீராத போது "தீர்ந்தது" என்ற இடத்தில் கையெழுத்து வேண்டாம். சீட்டை செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளில் உள்ள எந்தக் குறையையும் குறை என்றே வரையறுக்கிறது; சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ காக்கப்பட வேண்டிய தரத்தில் இருந்து குறைந்தால் போதும். பெரிது, சிறிது என்ற பிரிவு அந்த வரையறையில் இல்லை. சேவைக் குறைபாட்டுக்கும் தனி வரையறை உண்டு. ஒப்பந்தத்தில் தெளிவில்லாத சொல் இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்களில் வழங்கி வரும் கோட்பாடு. ஆகவே வரையறை இல்லாத "மைனர் பால்ட்" என்ற சொல் எழுதிய நிறுவனத்துக்கே கூடச் சங்கடம் தான். நிறுவனம் அசையாவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திடலாம். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பிரச்னை எழுந்ததில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்திட வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர் விவகாரம் போன்ற சிறிய தொகைக்கு, அதாவது கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை, மனுக் கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்பது அந்தச் சர்வீஸ் சீட்டுகளைத் தான்.

ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கும் மாதம் வரும் போது அந்த ஆண்டின் சீட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். எத்தனை முறை வந்தார்கள், எத்தனை "சிறு பழுது", ஒரே பழுது எத்தனை முறை, சராசரியாக எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துக் கொண்டு போங்கள். தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதை விட, அந்தத் தாளைக் காட்டி மேலே சொன்ன பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்குக் கைக்காசு எதுவும் செலவாகாது என்பதால் பெரும்பாலும் ஒப்புக் கொள்கிறார்கள்.